ஆறாத புண்ணும் பாராத கண்ணும்

(தென்காசியில் பஞ்சாலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



கூலியைப் பற்றியும் வேலை நேரத்தைப் பற்றியும் நாம் பலமுறை பேசியிருக்கிறோம். இன்று உடம்பைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். விற்பதற்கு உழைப்புச் சக்தியைத் தவிர வேறொன்றும் இல்லாதவன் பாட்டாளி என்று நம்முடைய வகுப்புகளில் படித்திருக்கிறோம். அந்தச் சக்தி குடியிருக்கும் இடம் உடம்பு. உடம்பைப் போர்த்தியிருப்பது தோல். அந்தத் தோலில் வருகிற புற்றுநோயைப் பற்றியும், அதை முதலில் பார்க்க வேண்டிய டாக்டருக்கு அதைப் பார்க்கக் கற்றுக்கொடுப்பது பற்றியும்தான் இன்றைய பேச்சு.

பக்கத்தில் குற்றாலம் இருக்கிறது. ஆனி, ஆடியில் சாரல் விழுந்தால் பேரருவிக்கும் ஐந்தருவிக்கும் ஜனங்கள் வந்து குவிகிறார்கள். தாசில்தாரும் வருகிறார், தறி ஓட்டுகிறவரும் வருகிறார். அருவிக் கரையில் எல்லோரும் சட்டையைக் கழற்றித்தான் ஆக வேண்டும். அங்கே எண்ணெய் தேய்த்துவிடும் தொழிலாளி ஒருவர் நம்மிடம் சொன்னார்: "அண்ணாச்சி, முதுகைப் பாத்தாலே ஆளு என்ன வேலை செய்யுதாருன்னு சொல்லிருவேன். மூட்டை தூக்குறவரு தோளு ஒரு மாதிரி, சேத்துல நிக்கிறவரு காலு ஒரு மாதிரி. பத்து நிமிசத்துல உச்சந்தலைல இருந்து உள்ளங்கால் வரைக்கும் பாத்துருவேன். ஆனா எனக்கு மேலுக்குச் சரியில்லைன்னு ஆஸ்பத்திரிக்குப் போனா, சட்டையைக் கழத்துன்னு சொல்லி என் உடம்பை ஒருத்தரும் பாத்தது கிடையாது."

தோழர்களே, நாம் பேச வந்ததெல்லாம் இந்தத் தொழிலாளியின் கடைசி வாக்கியத்தில் அடங்கியிருக்கிறது.

ஒரு தோழரின் கால்

தென்காசிக்கு மேற்கே ஒரு கிராமம். பெயர் வேண்டாம். அங்கே நம்முடைய தோழர் ஒருவர், விவசாயத் தொழிலாளி. சிறுவனாக இருந்தபோது நெல் அவிக்கிற அண்டா கவிழ்ந்து வலது முழங்காலுக்குக் கீழே வெந்துபோனது. புண் ஆறியது. தழும்பு நின்றது. நாற்பது வருஷம் அந்தத் தழும்போடு நாற்றுப் பிடுங்கினார், வரப்பு வெட்டினார், ஊர்வலத்தில் கொடி பிடித்தார்.

ஒருநாள் மண்வெட்டி பட்டு அந்தத் தழும்பு கிழிந்தது. பிறகு ஆறவில்லை. மருந்துக் கடையில் ஒரு களிம்பு வாங்கிப் போட்டார். இரண்டு மாதம் கழித்து ஒரு டாக்டரிடம் போனார். டாக்டர் மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தபடியே, கட்டியிருந்த துணியை அவிழ்க்காமலே, மாத்திரையும் களிம்பும் எழுதிக் கொடுத்தார். இன்னொரு டாக்டர் சர்க்கரை இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. "தண்ணீரில் நிற்காதே" என்று சொல்லி அனுப்பினார். நடவு நடுகிறவனிடம் தண்ணீரில் நிற்காதே என்றால் அவன் எதைத் தின்பான்? புண்ணின் ஓரம் தடித்தது. நாற்றம் எடுத்தது. செய்வினை என்று சொன்னவர்கள் உண்டு. அதற்கும் ஒரு செலவு செய்தார்.

பதினான்கு மாதம் இப்படிப் போனது. கடைசியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டரம்மா அந்தத் துணியை அவிழ்த்தார். ஓரத்தை விரலால் அழுத்திப் பார்த்தார். தொடை இடுக்கில் கட்டி இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். இருந்தது. புண்ணின் ஓரத்திலிருந்து ஒரு துணுக்கு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். தோல் புற்றுநோய் என்று பதில் வந்தது. முழங்காலுக்கு மேலே காலை எடுத்தார்கள். தோழர் உயிரோடு இருக்கிறார். நடவுதான் இல்லை.

இந்த இடத்தில் ஒரு சுயவிமர்சனமும் செய்தாக வேண்டும். அந்தத் துணிக்கட்டை நாமும் பார்த்தோம். கிளைக் கூட்டத்துக்குக் கூட்டம் பார்த்தோம். "இன்னும் ஆறலையா?" என்று கேட்டோம். ஒருதடவை நாமே களிம்பு வாங்கிக் கொடுத்தோம். அவிழ்த்துக் காட்டு என்று ஒருநாளும் கேட்கவில்லை. டாக்டர் பார்க்கவில்லை என்று குற்றம் சொல்ல வந்திருக்கிற நாமும் பார்க்கவில்லை.

கறுத்த தோலுக்கு வராதா?

தோல் புற்றுநோய் வெள்ளைக்காரனுக்கு வருகிற வியாதி, வெயிலில் கிடந்தால் வருகிற வியாதி, நமக்கு வராது என்று ஒரு எண்ணம் இருக்கிறது. படித்தவர்களிடமும் இருக்கிறது. இதில் பாதி உண்மை. கறுத்த தோல் வெயிலைப் பெருமளவு தாங்கும். ஆகவே வெள்ளைத் தோல்காரர்களுக்கு வருகிற அளவுக்கு நமக்கு இந்த நோய் வருவதில்லை. ஆனால் நமக்கு வருகிறபோது, வெயில் படாத இடத்திலும் வருகிறது. யாரும் எதிர்பார்க்காத இடத்தில் வருவதால் தாமதமாகவே கண்டுபிடிக்கப்படுகிறது.

முதலாவது, பழைய தீக்காயத் தழும்பிலும் வருஷக்கணக்காக ஆறாத புண்ணிலும் வரும். தீக்காயம் பட்டு இருபது, முப்பது வருஷம் கழித்துக்கூட வரும். தொழுநோயால் உணர்ச்சி மரத்துப்போன காலில் நெடுநாள் இருக்கிற புண்ணிலும் சில சமயம் வரும்.

இரண்டாவது, உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்துக்கு அடியிலும் கறுப்புத் திட்டாக வரும். ஜமைக்கா நாட்டின் கறுப்பினப் பாடகர் பாப் மார்லியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கால் கட்டைவிரல் நகத்தின் கீழ் அவருக்கு வந்தது இதுதான். 1977இல் கண்டுபிடித்தார்கள். 1981 மே மாதம் தம்முடைய 36ஆவது வயதில் இறந்துபோனார். கறுத்த தோலுக்கு வராது என்பவர்களுக்கு இந்த ஒரு மரணம் போதுமான பதில்.

மூன்றாவது, முகத்திலும் மூக்கோரத்திலும் கண் இமையிலும் சிறு பரு மாதிரி வரும். முத்துப் போலப் பளபளக்கும். நம்மவர்களுக்குப் பெரும்பாலும் கறுத்து மச்சம் மாதிரி இருக்கும். மெதுவாக வளரும். பக்குக் கட்டி உதிரும், மறுபடி ரத்தம் கசியும்.

நான்காவது, ஆடை இறுக்குகிற இடம். இது அபூர்வம். ஆனாலும் நம் நாட்டில்தான் இதைக் கண்டு எழுதினார்கள். பம்பாயில் கனோல்கர் என்ற நோய்க்குறியியல் அறிஞர் 1945இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், வேட்டியை வருஷக்கணக்காக ஒரே இடத்தில் இறுக்கிக் கட்டுகிறவர்களுக்கு இடுப்பில் வருகிற புற்றைப் பற்றிச் சொன்னார். பின்னாளில், பாவாடை நாடா இறுக்கும் இடத்தில் பெண்களுக்கும் வந்ததை இந்திய டாக்டர்கள் எழுதியிருக்கிறார்கள். காஷ்மீரத்தில் குளிருக்காகக் கணப்புச் சட்டியை உடையின் உள்ளே வைத்துக்கொள்கிற ஏழைகளுக்கு வயிற்றிலும் தொடையிலும் வருகிறது. அங்கே அதற்கு அந்தச் சட்டியின் பெயரே, காங்கிரிப் புற்று.

பயப்படுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. ஆறாத புண் எல்லாம் புற்று அல்ல. சர்க்கரையால் வரும், நரம்பு சுருண்டு வரும், கிருமியால் வரும். அவைதான் அதிகம். ஆனால் எது புற்று, எது புற்று இல்லை என்று பிரித்துச் சொல்ல ஒரு கண் வேண்டும். சீக்கிரம் பிரித்துவிட்டால் பெரும்பாலான தோல் புற்றுகளைச் சிறிய அறுவையோடு முடித்துவிடலாம். உடம்புக்குள்ளே ஒளிந்திருக்கும் நோய் அல்ல இது. எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற இடத்தில் உட்கார்ந்திருக்கும் நோய். கண்ணுக்குத் தெரிகிற நோயால் ஒருவன் காலை இழக்கிறான் என்றால், அங்கே யாரோ பார்க்கத் தவறியிருக்கிறார்கள்.

மில் தொழிலாளியின் சரித்திரம்

பஞ்சாலைத் தோழர்களுக்கு இதில் தனியாக ஒரு பங்கு உண்டு. தொழிலால் வருகிற புற்றுநோய் என்று உலகம் முதலில் தெரிந்துகொண்டதே தோல் புற்றுநோயைத்தான். 1775ஆம் வருஷம் பெர்சிவல் பாட் என்ற லண்டன் அறுவை வைத்தியர், புகைபோக்கிக்குள் இறங்கிச் சுத்தம் செய்த ஏழைச் சிறுவர்களுக்கு, வளர்ந்த பிறகு விதைப்பைத் தோலில் புற்று வருகிறது, அதற்குக் காரணம் கரி என்று எழுதினார்.

அதற்குப் பிறகு அதே நோய் பஞ்சாலைக்கு வந்தது. லங்காஷயரில் "மியூல்" என்ற நூற்பு இயந்திரம் ஓட்டியவர்கள், அறுந்த இழையை ஒட்டுவதற்காக இயந்திரத்தின் மேல் நாள் முழுதும் குனிந்து நிற்பார்கள். கதிர்களிலிருந்து மசகெண்ணெய் தெறித்துக் காற்சட்டையின் முன்பக்கத்தை நனைக்கும். அந்த எண்ணெய் ஊறிய துணி வருஷக்கணக்காகத் தோலில் உரசும். 1922இல் சவுத்தம், வில்சன் என்ற இரண்டு டாக்டர்கள் மான்செஸ்டர் ஆஸ்பத்திரியின் 20 வருஷத்துப் பதிவேடுகளைப் புரட்டினார்கள். விதைப்பைப் புற்றுக்காக வந்தவர்கள் 141 பேர். அவர்களில் 69 பேர் மியூல் தொழிலாளிகள்!

விஷயம் தெரிந்ததும் எண்ணெயை மாற்றினார்களா? சர்க்கார் கமிட்டி 1926இல் அறிக்கை கொடுத்தது. கெடுதல் இல்லாத எண்ணெயைத்தான் உபயோகிக்க வேண்டும், தொழிலாளர்களை ஆறு மாதத்துக்கு ஒருதரம் டாக்டர் பார்க்க வேண்டும் என்று சட்ட விதி வந்தது 1953இல். நடுவில் 27 வருஷம். அந்த 27 வருஷமும் மில் ஓடியது, லாபம் ஓடியது, தொழிலாளி வெட்கப்பட்டு மறைத்துக்கொண்டே செத்தான்.

இன்று நம் ஆலைகளில் ஓடுவது மியூல் அல்ல. இன்றைய சுத்திகரித்த எண்ணெய்களும் அந்தக் காலத்து எண்ணெயை விட எவ்வளவோ மேல். ஆனாலும் மோட்டாரில் ஓடிக் கருத்த கழிவெண்ணெயில் கை கழுவுகிறவர்களும், எண்ணெய் ஊறிய துணியை இடுப்பில் செருகிக்கொள்கிறவர்களும் இங்கே இருக்கிறார்கள். ரோட்டுக்குத் தார் காய்ச்சுகிற தோழர்களும் இருக்கிறார்கள். தார், கனிம எண்ணெய் முதலானவற்றால் வருகிற தோல் புற்றுநோய் 1923ஆம் வருஷத்து நஷ்டஈட்டுச் சட்டத்தின் அட்டவணையில் தொழில் நோயாகச் சேர்க்கப்பட்டிருந்தது. 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தில், டாக்டர் கண்டால் அறிவிக்க வேண்டிய நோயாக இருந்தது. 2025 நவம்பர் 21இல் அமலுக்கு வந்த தொகுப்புச் சட்டங்களின் அட்டவணையிலும் அறிவிக்க வேண்டிய நோயாக இது இடம்பெற்றிருக்கிறது. சட்டத்தில் எழுத்து இருக்கிறது. ஆனால் டாக்டர் கண்டால்தானே அறிவிப்பார்? காண்பதற்கு அவருக்குக் கற்றுக்கொடுக்காவிட்டால் அந்த எழுத்து வெறும் மைதான்.

டாக்டர் மட்டுமா குற்றவாளி?

தோழர்களே, டாக்டரைத் திட்டிவிட்டுப் போவது சுலபம். அது நம் வேலை அல்ல. ஆரம்ப சுகாதார நிலையத்தில் உட்கார்ந்திருக்கிற டாக்டரின் நிலைமையையும் பார்க்க வேண்டும். சமவெளியில் 30,000 பேருக்கு ஒரு நிலையம் என்பது சர்க்காரின் கணக்கு. காய்ச்சல், இருமல், பிரசவம், பாம்புக்கடி, நாய்க்கடி, சர்க்கரை, ரத்தக் கொதிப்பு எல்லாம் அவர் தலையில்தான். வெளியே வரிசை நிற்கிறது. ஒருவருக்கு இரண்டு நிமிஷம் கொடுக்க முடிந்தால் பெரிது. அந்த இரண்டு நிமிஷத்தில் துணிக்கட்டை எப்போது அவிழ்ப்பார், எப்போது பார்ப்பார், எப்போது திரும்பக் கட்டுவார்? பெண் ஒருத்தி இடுப்பைக் காட்ட வேண்டுமென்றால் மறைவுக்கு ஒரு திரை வேண்டாமா?

படிப்பிலும் குறை இருக்கிறது. மருத்துவக் கல்லூரியில் தோல் நோய்க்குக் கொடுக்கிற நாட்கள் கொஞ்சம். பார்த்துப் படிக்கிற படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலில் எடுத்தவை. வெள்ளைத் தோலில் சிவப்பாகத் தெரிவது நம் தோலில் கறுப்பாக, சாம்பலாகத் தெரியும். புத்தகத்தில் பார்த்த நோய் கண்முன் வந்து நிற்கும்போது அவருக்கு அது வேறு ஆளாகத் தோன்றுகிறது.

சர்க்காரின் திட்டத்திலும் ஒரு ஓட்டை இருக்கிறது. மத்திய சர்க்கார் 2016இல் வெளியிட்ட வழிகாட்டி, 30 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூன்று புற்றுகளைத் தேடிப் பார்க்கச் சொல்கிறது. நல்ல காரியம். அதிகம் பேரைக் கொல்கிற நோய்களை முதலில் எடுத்துக்கொண்டது நியாயமே. ஆனால் வாயைத் திறந்து பார்க்கிற அதே நர்ஸம்மா, "ஆறாத புண் எங்காவது இருக்கிறதா?" என்று நாலாவதாக ஒரு கேள்வி கேட்க என்ன செலவு ஆகும்?

காப்பீட்டு அட்டையைப் பெருமையாகச் சொல்கிறார்கள். காலை எடுக்கிற செலவுக்கு அட்டை இருக்கிறது. காலைக் காப்பாற்றுகிற பார்வைக்கு அட்டை இல்லை. அறுவைக்குப் பணம் ஒதுக்குவது போல, ஆரம்பத்தில் பார்ப்பதற்கும் ஒதுக்க வேண்டும்.

கற்றுக்கொடுத்தால் முடியுமா?

முடியும் என்பதற்கு நம் தமிழ்நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. வயதானவர்களுக்கு ஞாபகம் இருக்கும். தொழுநோய் ஆய்வாளர் சைக்கிளில் ஊருக்கு வருவார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை வெளிச்சத்தில் நிறுத்தி, சட்டையைக் கழற்றச் சொல்லி முன்னும் பின்னும் பார்ப்பார். தேமல் இருந்தால் தொட்டு, உணர்ச்சி இருக்கிறதா என்று சோதிப்பார். அவர் டாக்டர் அல்ல. பயிற்சி பெற்ற ஊழியர். தேசியத் தொழுநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் 1955இல் தொடங்கியது. அதே வருஷம் செங்கற்பட்டு திருமணியில் மத்தியத் தொழுநோய் பயிற்சி, ஆராய்ச்சி நிலையமும் ஏற்பட்டது. வேலூர் மாவட்டம் கரிகிரியிலும் ஊழியர்களைத் தயார் செய்தார்கள். 1980களில் கூட்டு மருந்து வந்தது. மருந்து ஒரு கை, தேடிப் போன கண்கள் மறு கை. இரண்டும் சேர்ந்துதான் 2005 டிசம்பரில் நாடு முழுவதற்குமான கணக்கில் பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் கீழே அந்த நோயைக் கொண்டுவந்தன. இந்த நாட்டு சர்க்கார் ஒரு காலத்தில் ஏழையின் தோலைக் கிராமம் கிராமமாகப் போய்ப் பார்த்தது. அப்போது முடிந்தது இப்போது ஏன் முடியாது?

இன்னொரு சாட்சி திண்டுக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. அங்கே 2000ஆம் வருஷத்திலிருந்து நர்ஸுகளுக்குப் பயிற்சி கொடுத்து, கிராமத்துப் பெண்களின் கருப்பை வாயில் வினிகர்க் காடியைத் தடவி வெறும் கண்ணால் பார்க்கச் சொன்னார்கள். பெரிய இயந்திரம் எதுவும் இல்லை. 2007இல் முடிவு வெளியானது. அப்படிப் பார்த்த கிராமங்களில், பார்க்காத கிராமங்களை விட அந்தப் புற்று 25 சதவீதம் குறைந்தது. அதனால் வந்த சாவு 35 சதவீதம் குறைந்தது. உலகம் முழுவதும் இதைப் படித்தார்கள். கண்ணும் கையும் பழகினால் உயிர் பிழைக்கும் என்பதை நம் ஊர் நர்ஸுகள் நிரூபித்தார்கள்.

தோல் விஷயத்திலேயே வெளிநாட்டு அனுபவம் ஒன்று சொல்கிறோம். ஸ்பெயினில் பார்ஸிலோனா, இத்தாலியில் நேப்பிள்ஸ் ஆகிய நகரங்களில் 73 சாதாரண டாக்டர்களுக்கு ஒரே ஒரு நாள் வகுப்பு எடுத்தார்கள். பிறகு பாதிப் பேரை வெறும் கண்ணாலும், மீதிப் பேரை விளக்கு வைத்த ஒரு கைலென்ஸாலும் நோயாளிகளைப் பார்க்கச் செய்தார்கள். 2006இல் முடிவு வந்தது. வெறும் கண்ணால் பார்த்தவர்கள் நூறு புற்றில் 54ஐ அடையாளம் கண்டார்கள். லென்ஸ் வைத்திருந்தவர்கள் 79ஐக் கண்டார்கள். அந்த லென்ஸ் உள்ளங்கையில் அடங்குகிற கருவி. ஆனால் பழகாதவர் கையில் கொடுத்தால் பிரயோஜனம் இல்லை என்பதையும் ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. ஆகவே கருவியை வாங்கிப் பீரோவில் பூட்டுவது பயிற்சி ஆகாது.

எதைக் கற்றுக்கொடுக்க வேண்டும்?

நாம் டாக்டர் அல்ல. ஆனால் எதைக் கேட்கிறோம் என்பது தெரியாமல் கேட்க முடியாது. தெரிந்தவர்களைக் கேட்டு விசாரித்ததைச் சொல்கிறோம்.

முதல் பாடம், அவிழ்த்துப் பார்ப்பது. புண்ணைத் துடைத்து, நல்ல வெளிச்சத்தில், ஓரம் தடித்திருக்கிறதா, பூக்கோசு மாதிரி வளர்ந்திருக்கிறதா, தொட்டால் ரத்தம் வருகிறதா என்று பார்ப்பது. அளந்து எழுதி வைப்பது. எழுதி வைத்தால்தான் அடுத்த மாதம் வளர்ந்ததா, சுருங்கியதா என்று தெரியும்.

இரண்டாவது, கணக்கு. தகுந்த வைத்தியம் செய்தும் நாலு வாரத்தில் ஆறும் வழிக்கு வராத புண்ணுக்கு ஐந்தாவது வாரமும் அதே களிம்பை எழுதக் கூடாது. ஏன் ஆறவில்லை என்று கேட்க வேண்டும்.

மூன்றாவது, நெறி கட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்ப்பது. காலில் புண் என்றால் தொடை இடுக்கு, கையில் புண் என்றால் அக்குள், முகத்தில் என்றால் கழுத்து.

நான்காவது, துணுக்கு எடுப்பது. மரத்துப்போக ஒரு ஊசி, சிறு வட்டக் கத்தி, துணுக்கைப் போட்டு வைக்க மருந்து ஊற்றிய ஒரு புட்டி. இவ்வளவுதான் சாமான். புண்ணின் நடுவில் அழுகிய இடத்தில் எடுத்தால் பதில் தப்பாக வரும். ஓரத்தில் எடுக்க வேண்டும். எங்கே எடுப்பது என்பதுதான் கற்றுக்கொள்ள வேண்டிய கை வேலை. சந்தேகமான கறுப்பு மச்சத்தைச் சோதிக்காமல் சுட்டுப் பொசுக்கக் கூடாது என்பதும் இந்தப் பாடத்தில் சேர்ந்தது. அப்படிச் சுட்டால் நோய் உள்ளே இருக்கும், அத்தாட்சி சாம்பலாகிவிடும்.

ஐந்தாவது, பேச்சு. "கத்தி பட்டால் பரவிவிடும்" என்று ஊரில் சொல்கிறார்கள். துணுக்கு எடுப்பதால் நோய் பரவிச் செத்துப்போவோம் என்கிற பயத்தில் பாதிப் பேர் ஓடிப்போகிறார்கள். அந்தப் பயத்தை நம் பாஷையில், நம் முகத்தைப் பார்த்து, பொறுமையாக நீக்கத் தெரிய வேண்டும்.

ஆறாவது, அனுப்புகிற முறை. "திருநெல்வேலிக்குப் போ" என்று வாயால் சொல்லி அனுப்பினால், தினக்கூலிக்காரன் பஸ் ஏற மாட்டான். 50 கிலோமீட்டருக்கு மேல் போய், எந்த வாசல், எந்த அறை என்று தெரியாமல் ஒரு நாளைத் தொலைத்துவிட்டு வருவான். கடிதம் கொடுத்து, அங்கே யாரைப் பார்ப்பது என்று எழுதி, போனானா, பதில் வந்ததா என்று பின்தொடர வேண்டும். நம் ஜனங்களில் பலர் செங்கோட்டை தாண்டித் திருவனந்தபுரம் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கும் போகிறார்கள். எங்கே போனாலும் கையில் ஒரு துண்டுக் கடிதம் இருந்தால் பாதித் தூரம் குறையும்.

நம் கோரிக்கைகள்

1978இல் அன்றைய சோவியத் நாட்டின் அல்மா-ஆட்டா நகரில் கூடிய உலக மாநாடு, ஆரோக்கியம் எல்லா மக்களுக்கும் அடிப்படை உரிமை, அதை அடைய ஆரம்ப சுகாதாரமே வழி என்று பிரகடனம் செய்தது. இந்தியாவும் அதை ஏற்றது. அந்தப் பிரகடனத்துக்குத் தென்காசி மாவட்டத்தில் என்ன அர்த்தம் என்று நாம் கேட்கிறோம்.

ஒன்று: மாவட்டத்திலுள்ள ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலைய டாக்டருக்கும், திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியின் தோல் நோய்ப் பிரிவில் வருஷந்தோறும் பயிற்சி வேண்டும். அது நம் ஜனங்களின் தோலைப் பார்த்துப் பழகுகிற பயிற்சியாக இருக்க வேண்டும்.

இரண்டு: கிராம நர்ஸுகளுக்கும், வீடு தேடி மருத்துவம் கொண்டுவருகிற ஊழியப் பெண்களுக்கும் இதே விஷயத்தில் பயிற்சி வேண்டும். சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் பார்க்க 2021இலிருந்து வாசலுக்கு வந்தவர்கள் அவர்கள்தான். காலைப் பார்க்க அவர்களைவிடப் பொருத்தமானவர் யார்? வேலை கூடினால் கூலியும் கூட வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறோம்.

மூன்று: தாலுகா ஆஸ்பத்திரிகளில் துணுக்கு எடுக்கும் சாமானும், அதை வாரந்தோறும் சோதனைச் சாலைக்கு எடுத்துப் போகும் ஏற்பாடும், பதில் வரும் தேதியும் நிச்சயமாக வேண்டும்.

நான்கு: மறைவுக்குத் திரை, பார்க்க வெளிச்சம், காலியான டாக்டர் பதவிகளுக்கு ஆள். டாக்டருக்கு நேரம் இல்லாமல் பயிற்சி மட்டும் கொடுத்தால் அது கண்ணைக் கொடுத்து இருட்டில் நிறுத்துவது போல.

ஐந்து: ஆலைகளில் வருஷாந்திர உடற்பரிசோதனை எடையும் ரத்தமும் பார்ப்பதோடு நிற்கக் கூடாது. தோலையும் பார்க்க வேண்டும். விவசாயத் தொழிலாளிக்கு ஈ.எஸ்.ஐ. இல்லை. சோதனைக்குப் போகிற நாளில் அவனுக்குக் கூலியும் பஸ் செலவும் கிடைக்க வழி செய்ய வேண்டும்.

நம் கடமை

கோரிக்கை எழுதிக் கொடுத்துவிட்டுக் கையைக் கட்டி உட்காருவது நம் பழக்கம் அல்ல. ஒவ்வொரு கிளையிலும் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூட்டம் முடிந்ததும் உள்ளங்காலைத் திருப்பிப் பாருங்கள். உங்களுக்கு உங்கள் முதுகு தெரியாது. பக்கத்துத் தோழர் பார்க்கட்டும். தாய்மார்கள் தங்களுக்குள் பார்த்துக்கொள்ளட்டும். நாடாவை இறுக்கிக் கட்டாதீர்கள், தினமும் இடம் மாற்றிக் கட்டுங்கள். பழைய தீத்தழும்பு வெடித்தால், ஒரு மாதமாகப் புண் ஆறாமல் நின்றால், கறுப்புத் திட்டு வளர்ந்தால், தனியாக அனுப்பாதீர்கள். ஒருவர் கூடப் போங்கள். டாக்டரிடம் மரியாதையாக, ஆனால் தெளிவாகச் சொல்லுங்கள்: "ஐயா, கட்டை அவிழ்த்துப் பாருங்கள். துணுக்கு எடுத்துச் சோதிக்க வேண்டுமா என்று சொல்லுங்கள்." கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. அது உரிமை.

காலை இழந்த நம் தோழர் இந்தக் கூட்டத்தில் இருக்கிறார். இங்கே வருவதற்கு முன்னால், உங்கள் கதையைச் சொல்லலாமா என்று அவரிடம் கேட்டோம். "சொல்லுங்க. அடுத்தவன் காலாவது மிஞ்சட்டும்" என்றார்.

கூட்டம் முடிந்ததும் வாசலில் மேஜை போட்டிருக்கிறது. கோரிக்கை மனு இருக்கிறது. கையெழுத்துத் தெரிந்தவர்கள் கையெழுத்திடுங்கள். தெரியாதவர்கள் ரேகை வையுங்கள். முதல் கையெழுத்து அந்தத் தோழருடையது. இரண்டாவது, அருவிக் கரையில் எண்ணெய் தேய்க்கிற தொழிலாளியுடையது. மூன்றாவது உங்களுடையதாக இருக்கட்டும்.